போர்டு எழுதுகிறவரையும் ஓவியர் வரிசையில் உட்கார வைக்கலாமா?

தென்பெண்ணைக்கரை | பிப்ரவரி 2, இரவு 9.15

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஓர் ஓவியக் கண்காட்சி வைக்கப் போகிறோம். சங்கம், பதிவு எண் எதுவும் கிடையாது. சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்காருகிற கூட்டம்தான். மயானக் கொள்ளைத் திருவிழா முடிந்த அடுத்த வாரம், வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். முகூர்த்தம் இல்லாத நாட்கள் என்பதால் வாடகையைக் குறைத்திருக்கிறார்கள்.

இந்த மாதிரிக் கண்காட்சியில் என்னென்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஒகேனக்கல் அருவி நான்கைந்து, பென்சிலில் அப்துல் கலாம் ஏழெட்டு, தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொண்ட இரண்டு பேரின் தவழும் கிருஷ்ணர். இந்த முறை நான் வேறொன்று சொன்னேன். ஊரில் கடைப் பலகை எழுதுகிறவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். லாரிக்குப் பின்னால் தாமரையும் மிரட்டும் கண்களும் போடுகிறவர் இருக்கிறார். மயானக் கொள்ளைக்குக் காளி முகம் தீட்டுகிறவர்கள், முனியப்பன் சிலைக்கு வர்ணம் அடிக்கிறவர் இருக்கிறார்கள். எல்லோரையும் அதே மண்டபத்தில், அதே வரிசையில் வைப்போம் என்றேன்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ஒருவர், "அதெல்லாம் தொழில், கலை இல்லை" என்றார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. இன்னொருவர், "தெருவில் சும்மா பார்க்கிறதை மண்டபத்துக்குள் வந்து எதற்குப் பார்க்கணும்?" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

மாங்கொட்டை | பிப்ரவரி 2, இரவு 9.31

பென்சில் கலாம் இல்லாமல் கண்காட்சி வைத்தால் மாவட்டத்தில் அனுமதி கிடைக்காது. பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்பீஸ் | பிப்ரவரி 2, இரவு 10.40

தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். முப்பத்தோரு வருடம் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் முதலில் கடன் கேட்பது எங்கள் பீரியடைத்தான். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஓவியமும் ஒரு படிப்பு என்று ஊரை நம்ப வைப்பதற்குள் என் சர்வீஸே முடிந்துவிட்டது. பிள்ளைகளை லோயர், ஹையர் டிராயிங் பரீட்சை எழுத வைத்தேன். மேஜையில் ஒரு மண்பானையும் இரண்டு கத்தரிக்காயும் வைத்து, வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது என்று மணிக்கணக்கில் பார்க்க வைத்தேன். இப்போது எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைத்து எல்லாம் கலைதான் என்றால், உட்கார்ந்து கற்றுக்கொள்ள எந்தப் பிள்ளை வரும்?

போர்டு எழுதுகிறவரின் கை எனக்குப் பிடிக்கும். என் வீட்டு கேட்டில் பெயர் எழுதியவரே அவர்தான். ஆனால் காலண்டர் முருகனைக் கட்டம் போட்டுச் சுவரில் ஏற்றுவது நகல் எடுப்பது. அதற்குத் திறமை வேண்டும். கலை என்று சொல்ல அது மட்டும் போதாது.

தகடூரான் | பிப்ரவரி 3, காலை 6.50

சார், அந்தக் காலண்டர் முருகனிடமிருந்தே ஆரம்பிக்கலாம். கோவில்பட்டி கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதினார். அப்புறம் அவரும் அவருடைய சீடர்களும் சிவகாசி அச்சகங்களுக்குச் சாமி படம் போட்டார்கள். நம் பூஜை அறைகளில் மாட்டியிருக்கிற முகங்களில் எத்தனையோ அந்தக் கூட்டத்தின் கையிலிருந்து வந்தவை. கலை உலகம் அவர்களை அப்போது ஏறெடுத்துப் பார்க்கவில்லை. இன்று ஆராய்ச்சி செய்கிறார்கள். எம்.எஃப். ஹுசைன் பம்பாயில் சினிமா பேனர் எழுதித்தான் வயிறு வளர்த்தார்.

நம் பக்கத்துக்கே வாருங்கள். பர்கூர் அருகே மல்லப்பாடியில் பாறை ஒதுக்கில் வெள்ளைக் கோடுகளில் குதிரை மேல் இருந்து சண்டையிடும் உருவங்கள் இருக்கின்றன. உடம்புக்கு ஒரு கோடு, கைக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பாருங்கள். வீரனின் ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். கால் ஒரு பக்கம் திரும்பியிருக்கும், மார்பு நேரே பார்க்கும். பின்னால் மாடுகள் முயல் அளவுக்கு நிற்கும். உங்கள் வகுப்பில் இப்படிப் போட்டிருந்தால் நீங்களே சிவப்பு மையால் திருத்தியிருப்பீர்கள். ஆனாலும் அந்தக் கல்லின் முன்னால் நிற்கும்போது, மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் ஊர் அதை நட்டது என்பது உடம்பில் உறைக்கிறது. செதுக்கியவர் அரசவைச் சிற்பி இல்லை. அந்தப் பக்கத்துக் கல் வேலைக்காரர்.

சாக்பீஸ் | பிப்ரவரி 3, காலை 8.05

சரி, அந்த லாரியையும் ஆயிரம் வருடம் கழித்து மியூசியத்தில் வைக்கட்டும். எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஓசூர் ஷட்டில் | பிப்ரவரி 3, இரவு 8.20

(ஓசூரிலிருந்து தினமும் பெங்களூரு போய் வருகிறேன். டிசைன் வேலை. பஸ்ஸில் தட்டச்சு செய்வதால் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

"தொழில், கலை இல்லை" என்பதை ஒரு கூட்டம் தன் பெயராகவே வைத்துக்கொண்ட கதை உண்டு. மண்டை ஓட்டின் வடிவத்தைப் பார்த்துப் புத்தியை அளக்கலாம் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு போலி விஞ்ஞானம் இருந்தது. நெற்றி உயரமாக இருந்தால் அறிவாளி, தாழ்ந்திருந்தால் மட்டம். ஹைபிரவ், லோபிரவ் என்ற சொற்கள் அங்கிருந்து வந்தவை. அமெரிக்காவில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 1979 வாக்கில் தன் படத் தொகுப்புக்கு வேண்டுமென்றே 'லோபிரவ்' என்று பெயர் வைத்தார். எந்தக் கலை நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாத படங்கள், அதனால் அந்தப் பெயர். அவருக்கு முன்னோடிகள் யார் என்று பார்த்தால் நம் லாரி பெயின்டர்கள் மாதிரி ஆட்கள். வான் டட்ச் என்பவர் கார்களில் மெல்லிய கோடு இழுத்துப் பேர் வாங்கியவர். எட் ராத் பழைய கார்களை வெட்டி ஒட்டி விசித்திர வண்டிகள் செய்தவர், பிதுங்கிய கண்ணும் பல்லுமாக ஓர் எலியை வரைந்து பனியனில் அச்சடித்து விற்றவர். இவர்கள் மூவரையும் மையமாக வைத்து 1993-ல் கலிஃபோர்னியாவில் லகூனா அருங்காட்சியகம் ஒரு கண்காட்சியே நடத்தியது.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். அவர்கள் 'மட்டம்' என்ற பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நாம் வைத்தால் அது வேறு. மண்டபத்தில் 'தெருக்கலை அரங்கு' என்று தனி மூலை ஒதுக்கிப் பலகை மாட்டினால், "நீங்கள் அந்தப் பக்கம்" என்று சொல்வதாகத்தான் அர்த்தம். கலந்து வையுங்கள். அருவிக்குப் பக்கத்தில் முனியப்பன் இருக்கட்டும்.

மாங்கொட்டை | பிப்ரவரி 3, இரவு 8.34

அருவிக்குப் பக்கத்தில் முனியப்பனை வைத்தால் அருவியை யாரும் பார்க்க மாட்டார்கள்.

நூல்சுண்டி | பிப்ரவரி 4, இரவு 11.10

ரொம்ப நாளாக இங்கே படிப்பவன், எழுதியதில்லை. என் அப்பா போர்டு எழுதியவர். கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி வட்டாரம் முழுக்க அவர் எழுத்து இருந்தது. 'எழுதினார்' என்றுதான் வீட்டில் சொல்லுவோம். சுவரில் அம்மன் படம் போட்டுவிட்டு வந்தாலும், "இன்றைக்கு அம்மன் எழுதினேன்" என்பார்.

சாக்பீஸ் ஐயா நகல் என்றார். வேலை எப்படி நடக்கும் என்று சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணுங்கள். சுவருக்கு முதலில் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம் கலந்து. காய்ந்ததும் நூலில் நீலப் பொடி தடவி, நான் ஒரு முனையைப் பிடிக்க, அப்பா மறு முனையைப் பிடித்து நடுவில் சுண்டுவார். டப் என்று ஒரு சத்தம், சுவரில் நேர்கோடு விழும். என் சின்ன வயது முழுக்க அந்தச் சத்தம்தான். அப்புறம் எத்தனை எழுத்து, எவ்வளவு இடம் என்று கண்ணாலேயே அளப்பார். 'ஸ்ரீ முருகன் ஆயில் மில்' என்பதில் 'ஸ்ரீ' எவ்வளவு இடத்தைத் தின்னும், 'ல்' எங்கே மூச்சு விடும் என்று பேப்பரில் போட்டுப் பார்த்ததே இல்லை. கை நடுங்காமல் இருக்க ஒரு குச்சியைச் சுவரில் ஊன்றி அதன் மேல் மணிக்கட்டை வைப்பார். 'ழ'வின் சுழியை ஒரே இழுப்பில் இழுப்பார், பாதியில் பிரஷை எடுக்க மாட்டார். அவர் 'ழ'வைத் தனியாக வெட்டி வைத்தாலும் இது அவர் கை என்று மற்ற பெயின்டர்கள் சொல்லிவிடுவார்கள். நகல் எடுக்கிறவனுக்கு இப்படித் தனிக் கையெழுத்து வருமா?

தேர்தல் சமயம்தான் அறுவடை. வருடத்துக்கு முன்னாலேயே கட்சிக்காரர்கள் வந்து சுவருக்கு வெள்ளை அடித்து, நான்கு மூலையிலும் கட்சிப் பெயரும் வருடமும் போட்டு 'ரிசர்வ்' செய்துவிடுவார்கள். ஒரே வாரத்தில் எதிரெதிர்க் கட்சிகளுக்கு எழுதுவார். "சுவருக்கு ஏது கட்சி" என்பார்.

2000-களின் தொடக்கத்தில் ஃபிளெக்ஸ் வந்தது. இரண்டு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் அச்சாகி வெளியே வந்தது, விலையும் பாதிக்குக் கீழே. அப்பா கொஞ்ச நாள் நம்பர் பிளேட் எழுதினார். அதற்கும் ஸ்டிக்கர் வந்துவிட்டது. கடைசியில் பள்ளிக்கூடச் சுவர்களில் கை கழுவுகிற முறை, மரம் நடுகிற பையன் எழுதினார்.

இப்போது உங்கள் கண்காட்சிக்கு வருகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் வெளியூரில் ஒரு கலை விழாவுக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள். பார்வையாளர்கள் முன்னால் எழுதிக் காட்ட வேண்டும். போனார். இரண்டு நாள் வெயிலில் நின்று எழுதினார். பொன்னாடை போர்த்தினார்கள், ஷீல்டு கொடுத்தார்கள். கூலி இல்லை, பஸ் காசும் இல்லை. "உங்கள் பேர் நாலு பேருக்குத் தெரியும்" என்றார்களாம். விழா மலரில் 'பாரம்பரியச் சுவர் ஓவியர்' என்று போட்டிருந்தது, பெயர் இல்லை. வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பிரஷ் துடைக்கக்கூட ஆகாது, உறிஞ்சாது" என்றார்.

அதனால் கலையா இல்லையா என்பதை நீங்கள் மெதுவாக முடிவு செய்யுங்கள். கூலி எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

புள்ளி | பிப்ரவரி 5, காலை 10.15

நூல்சுண்டி தம்பி, படித்துவிட்டு அடுப்பில் பால் பொங்கியதைக்கூடக் கவனிக்கவில்லை.

நான் பாலக்கோடு. தெருவில் வரைவதைப் பற்றி இவ்வளவு பேர் பேசுகிறீர்கள், தினமும் விடியற்காலை தெருவில் வரைகிறவர்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வாசல் தெளித்து, குனிந்து, பதினைந்து புள்ளி வைத்து ஒரே இழையில் கம்பி சுற்றி ஆரம்பித்த இடத்தில் கொண்டுவந்து முடிக்கிறோம். எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் அதன் மேல் ஏறிப் போகும். மறுநாள் வேறு. எங்களையும் விழாக்களுக்குக் கூப்பிடுகிறார்கள், 'கோலப் போட்டி' என்று. முதல் பரிசு ஹாட் பாக்ஸ், ஆறுதல் பரிசு எவர்சில்வர் டிபன் டப்பா. ஆண்கள் வரைந்தால் கண்காட்சி, நாங்கள் வரைந்தால் போட்டி. எங்கள் வீட்டில் நான்கு ஹாட் பாக்ஸ் இருக்கிறது.

தென்பெண்ணைக்கரை | பிப்ரவரி 5, இரவு 9.40

அக்கா, வாயடைத்துப் போனேன். எங்கள் திட்டத்திலும் சனிக்கிழமை காலை கோலப் போட்டி இருந்தது, பரிசு டிபன் டப்பாதான். எடுத்துவிட்டேன்.

நூல்சுண்டி சொன்னதைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெயின்டருக்கு வழக்கமான நாள் கூலி, மூன்று நாளுக்கும், பெயின்ட் பிரஷ் செலவு தனி என்று முடிவாகியிருக்கிறது. எங்களோடு படம் வைக்கிற ஓவிய ஆசிரியர்களின் படங்களுக்கு வைக்கிற மாதிரியே பெயர், ஊர், என்ன வண்ணம் என்று அட்டை வைப்போம்.

ஆனால் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. தெருவில் இருப்பதை உள்ளே கொண்டுவந்தால் என்ன ஆகும்? பழைய கடைப் பலகைகளைக் கடன் வாங்கி மாட்டலாமா, போட்டோ எடுத்து ஃபிரேம் போடலாமா என்று இரண்டு யோசனை ஓடுகிறது.

ஓசூர் ஷட்டில் | பிப்ரவரி 6, இரவு 8.45

போட்டோ வேண்டாம். போட்டோ மாட்டினால் அது போட்டோகிராஃபரின் கண்காட்சி.

இத்தாலியில் பொலோன்யா நகரத்தில் பிளூ என்ற புனைபெயரில் ஒருவர் இருபது வருடமாகச் சுவர்களில் பிரம்மாண்டமாக வரைந்துவந்தார். 2016-ல் அங்கே தெரு ஓவியக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. சுவர்களிலிருந்த ஓவியங்களைப் பெயர்த்தெடுத்துக் கட்டணக் கண்காட்சிக்குள் வைக்கப் போகிறார்கள், அவருடையதும் அதில் இருக்கிறது, அவரிடம் கேட்கவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் இளைஞர்கள் உதவியோடு அந்த நகரத்தில் தன் ஓவியங்கள் எல்லாவற்றின் மேலும் சாம்பல் பெயின்ட் அடித்துவிட்டார். இருபது வருட வேலை ஒன்றிரண்டு நாளில் போய்விட்டது.

இதற்கு எதிர்த் திசையில் ஒன்று. 1980 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் கைவிடப்பட்ட ஒரு மசாஜ் பார்லர் கட்டடத்தை எடுத்து, ஓவியர்கள் தாங்களே ஒரு மாதம் கண்காட்சி நடத்தினார்கள். மாடிப்படி, கழிவறை என்று எல்லா இடத்திலும் படங்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாஸ்கியாவும் கீத் ஹேரிங்கும் அதில் இருந்தார்கள். அதே வருடம் கீத் ஹேரிங் சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் காலியான இடத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தாளில் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார். போலீஸ் பிடித்தது, விட்டது. ரயிலுக்கு நிற்கிறவர்கள் அவர் வரைவதைப் பார்த்துக்கொண்டே பேச்சுக் கொடுப்பார்கள்.

பார்க்க வேண்டியது அந்தப் பேச்சுதான் என்று எனக்குப் படுகிறது. தெருவில் எழுதி முடித்த பலகையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். எழுதும்போது நின்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.

சாக்பீஸ் | பிப்ரவரி 6, இரவு 9.30

சாக்பீஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு கீத் ஹேரிங்கை இன்று வரை தெரியாமல் இருந்திருக்கிறேன். பேரனிடம் சொல்லிப் படங்களைப் பார்த்தேன். கோடு சுத்தமாக இருக்கிறது. அழிக்காமல் போடுகிறார். என் பையன்களுக்குச் சொல்லித் தர முடியாத விஷயம் அது.

முழுக்க மாறிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். லாரிக் கண் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நூல் சுண்டுவதை நேரில் பார்க்க வருவேன்.

தகடூரான் | பிப்ரவரி 7, காலை 7.00

எழுதி முடித்ததும் இல்லாமல் போவதற்கு நம் ஊரில் இதைவிடப் பெரிய உதாரணம் உண்டு. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து முடிகிற நாள் படுகளம். மைதானத்தில் மண்ணைக் கொட்டிப் படுத்த கோலத்தில் துரியோதனனைச் செய்வார்கள், ஆள் உயரத்துக்குப் பல மடங்கு. மீசை, கிரீடம், பிதுங்கிய கண், எல்லாம் வர்ணம் தீட்டி. பார்க்கப் பயமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். வீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார், பாஞ்சாலி கூந்தல் முடிப்பாள். மாலைக்குள் துரியோதனன் வெறும் மண். எங்கள் ஊரில் அந்த மண்ணை ஒரு பிடி அள்ளிக்கொண்டு போவார்கள். ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அந்த முகத்தைச் செய்தவரின் பெயரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

நூல்சுண்டி, பழைய தமிழிலும் ஓவியத்தை 'எழுதுவது' என்றுதான் சொன்னார்கள். உங்கள் அப்பா சொன்னது சரியான தமிழ்.

குறுக்கு விசாரணை | பிப்ரவரி 8, மதியம் 1.20

தொழில் வக்கீல். மூக்கை நுழைக்கிறேன்.

மண்டபத்துக்கு வெளியே காம்பவுண்டுச் சுவரில் எழுதும் யோசனை இருந்தால், உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் 1959-ம் வருடத் தமிழ்நாட்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. வேண்டாதவர் ஒருவர் மனு கொடுத்தால் போதும்.

இன்னொன்று. வரைந்த பிறகு பலகை யாருக்கு? முன்கூட்டியே பேசிவிடுங்கள். பொருள் ஒருவருக்குச் சொந்தமாக இருந்தாலும், படைப்பைச் சிதைப்பதற்கு எதிராகப் படைத்தவருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-வது பிரிவு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979-ல் புதுப்பிப்பு வேலைக்காகப் பெயர்த்துக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடு, 5 லட்சம் நஷ்ட ஈடும் கொடு என்றது. கொடுக்க வேண்டியது அரசாங்கம். போர்டு எழுதுகிறவருக்கும் சட்டம் அதேதான், வழக்குப் போட வசதிதான் வேறு.

நூல்சுண்டி | பிப்ரவரி 8, இரவு 10.50

மண்டபச் சுவரில் ஆணி அடிக்கவே விட மாட்டார்கள், பெயின்ட் எங்கே? எட்டுக்கு நான்கு பிளைவுட் ஷீட் வாங்குங்கள். உப்புத்தாள் போட்டு, பிரைமர் ஒரு கோட், மறுநாள் வெள்ளை. செலவு மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ஃபிளெக்ஸைத் திருப்பிப் போட்டு அதில் எழுதச் சொல்லாதீர்கள். அதன் மேல் இனாமல் அடித்தால் நாள் கணக்கில் காயாமல் பிசுபிசு என்று நிற்கும், தூசியெல்லாம் ஒட்டும். அதில் இருக்கிற ஏதோ எண்ணெய்ச் சத்து பெயின்ட்டுக்குள் ஏறிவிடுகிறது. நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

சாய்த்து நிறுத்த ஸ்டாண்ட் வேண்டும். கை ஊன்றும்போது ஆடக்கூடாது.

மாங்கொட்டை | பிப்ரவரி 10, மாலை 6.05

முக்கியமான கேள்வியை யாரும் கேட்கவில்லை. பலகையில் என்ன எழுதப் போகிறார்? யார் முகம்?

தென்பெண்ணைக்கரை | பிப்ரவரி 10, இரவு 9.00

நீங்கள் விளையாட்டாகக் கேட்டீர்கள், நேற்று அதில்தான் சண்டை. ஒரு பையன் தன் தலைவர் படத்தை எழுதச் சொல்லலாம் என்றான். இன்னொருவன், அப்படியானால் எங்கள் தலைவரும் வேண்டும் என்றான். எந்தத் தெருவில் யார் படம் என்பது நம் பக்கத்தில் சும்மா விஷயமில்லை என்று உங்களுக்குத் தெரியும். டீ ஆறிப்போகும் வரை பேசிவிட்டு எழுந்துவிட்டோம்.

ஓசூர் ஷட்டில் | பிப்ரவரி 11, இரவு 8.30

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜான் அஹேர்ன் என்ற சிற்பி நியூயார்க்கில் ஏழைகள் வாழும் தெற்கு பிராங்ஸில் குடியிருந்து, அக்கம்பக்கத்தாரின் முகங்களை அச்செடுத்துச் சிற்பம் செய்தவர். தெருவிலேயே அச்செடுப்பார். ஒரு பிரதியை அவர்களுக்கே கொடுப்பார். ஊர் அவரைக் கொண்டாடியது. 1991-ல் போலீஸ் நிலையத்துக்கு எதிரே அந்தத் தெரு ஆட்கள் மூவரின் வெண்கலச் சிலைகளை வைத்தார். ஒருவன் நாயோடு, ஒருத்தி சக்கரக் காலணியோடு, ஒருவன் பெரிய ரேடியோவோடு. "எங்கள் பகுதி என்றால் இவர்கள்தானா காட்டக் கிடைத்தார்கள்?" என்று அங்கேயே சிலர் கொதித்தார்கள். ஐந்தே நாளில் தன் செலவிலேயே சிலைகளைக் கழற்றிவிட்டார். நல்ல மனசு, உள்ளூர்வாசம், திறமை எல்லாம் இருந்தும் இப்படி. சென்னை கண்ணகி நகரில் 2020-ல் சுவர்கள் முழுக்க வண்ணம் ஏற்றியபோதும் எனக்கு இதே கேள்விதான் வந்தது. படங்கள் அழகு, நானே போய்ப் பார்த்தேன். எந்தச் சுவரில் எது என்று அங்கே குடியிருப்பவர்களை எவ்வளவு தூரம் கேட்டிருப்பார்கள்?

புள்ளி | பிப்ரவரி 11, இரவு 9.10

என்ன எழுதுவது என்பதை அந்தப் பெரியவரையே கேட்டால் என்ன? பத்து ஆண்கள் உட்கார்ந்து டீயை ஆறவிட்டிருக்கிறீர்கள்.

தென்பெண்ணைக்கரை | மார்ச் 10, இரவு 10.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். நேற்றுதான் மண்டபத்தைக் காலி செய்து கொடுத்தோம்.

புள்ளி அக்கா சொன்னபடி அவரிடமே கேட்டோம். பெரியவருக்கு அறுபத்தெட்டு வயது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இத்தனை வருடம் மத்தவங்க பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்றார். வெள்ளிக்கிழமை முழுக்கத் தன் பெயரை எழுதினார். எட்டடிப் பலகையில், சிவப்பு எழுத்து, மஞ்சள் அவுட்லைன், கறுப்பு டபுள் ஷேடு. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று நூல் பிடித்தார்கள். சாக்பீஸ் ஐயாவும் ஒரு முனையைப் பிடித்தார்.

மயானக் கொள்ளை முகக்காரர் பலகையில் தீட்ட மறுத்துவிட்டார். "முகத்துல போடறது பலகைல நிக்காது" என்றார். அதனால் சனிக்கிழமை தன் மகன் முகத்திலேயே தீட்டினார். அந்தப் பையன் காளி முகத்தோடு எதிர்க் கடையில் நிப்பட்டு வாங்கித் தின்றுகொண்டிருந்ததுதான் மூன்று நாளில் அதிகம் பேர் பார்த்த காட்சி.

சொதப்பல்களும் உண்டு. லாரி பெயின்டர் வரவில்லை, சங்ககிரியில் வேலை வந்துவிட்டதாம், நியாயம்தான். முனியப்பன் வர்ணக்காரர் கொண்டுவந்த சிமென்ட் தலை மண்டபப் படியில் இடித்து மூக்கு உடைந்தது. அங்கேயே சிமென்ட் குழைத்து ஒட்டினார், அதையும் கூட்டம் நின்று பார்த்தது. கோலத்துக்கு மண்டபத்துக்கு முன்னால் தெருவையே விட்டோம். பதினோரு பெண்கள் வந்தார்கள், பரிசு இல்லை, எல்லோருக்கும் ஒரே தொகை. பத்து மணிக்கு ஒரு டிராக்டர் ஏறிப் போனது. ஓவிய ஆசிரியர்களில் இரண்டு பேர், தங்கள் படத்துக்குப் பக்கத்தில் எவரெவரையோ வைத்துவிட்டோம் என்று வருத்தப்பட்டு ஞாயிறு காலையே படங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைச் சமாதானம் செய்ய எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்வி கேட்டவர் மூன்று நாளும் வந்தார். இன்னும் பதில் சொல்லு என்கிறார்.

மாங்கொட்டை | மார்ச் 10, இரவு 10.41

போட்டோவில் பார்த்தேன். வாசல் பலகையில் 'ஓவிய கண்காட்சி' என்று இருக்கிறது. 'க்' எங்கே? சாக்பீஸ் ஐயா பார்க்கவில்லையா?

சாக்பீஸ் | மார்ச் 10, இரவு 10.55

பார்த்தேன். சொன்னேன். "க் போட்டா இடம் இடிக்குது சார், சும்மா இருங்க" என்றார். தள்ளி நின்று பார்த்தேன். இடிக்கத்தான் செய்யும்.

நூல்சுண்டி | மார்ச் 11, காலை 7.20

அந்தப் பெயர்ப் பலகை இப்போது எங்கே இருக்கிறது?

தென்பெண்ணைக்கரை | மார்ச் 11, இரவு 9.05

அவர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். உள்ளே வைக்க இடமில்லை. திண்ணைக்கு வெயில் மறைப்பாகச் சாய்த்து வைத்திருக்கிறார், எழுத்து தெருவைப் பார்த்து இருக்கிறது. கண்காட்சியைப் பார்த்துவிட்டு மூன்று கடைக்காரர்கள் அவரிடம் பலகை எழுதக் கேட்டார்களாம். விலை சொன்னதும் இரண்டு பேர் ஃபிளெக்ஸுக்கே போய்விட்டார்கள். மூன்றாவது ஒரு சைக்கிள் கடை. நாளை காலை வேலை ஆரம்பம், நூல் பிடிக்க ஆள் வேண்டும் என்று எனக்கு போன் செய்தார்.